மூன்று பேர் கொண்டுவந்த கரண்ட்

ஹட்டனில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு யார் செத்தாலும் வேலை வரும். இப்படிச் சொன்னால் என் மனைவி கமறியாவுக்குப் பிடிக்காது. ஆனால் நடப்பு அதுதான். கல்யாணப் பத்திரிகையை எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். திருவிழா நோட்டீஸும் குறைந்துவிட்டது. கருமாதிக்கு அடிக்கும் நினைவு மலர் மட்டும் தோட்டத்து ஆட்களுக்கு இன்னும் காகிதத்தில்தான் வேண்டும். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், அதற்குப் பின்னால் வாழ்க்கை வரலாறு. அந்த வரலாற்றை எழுதுகிறவன் என்னிடம் வேலை செய்யும் வினோஜன். இது அவனைப் பற்றியது.

வினோஜன் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான சண்டை நடந்து முடிந்திருக்கிறது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வீரம்மா கொழுந்து எடுத்து உயர்தரம் வரைக்கும் படிக்கவைத்தார். கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் சில வருடம் நின்றான். அம்மாவுக்கு மூட்டுவலி முற்றியதும் திரும்பி வந்து என்னிடம் டைப் அடிக்கச் சேர்ந்தான். அவன் மனைவி ஜீவராணி கட்டாரில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள். இவன் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவான், மாலையில் நின்றுகொண்டே போவான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சம்பளம் கிடையாது, எழுதியவன் பேரை ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. மலையகத்து வாத்தியார்கள், நாடகக்காரர்கள், தொழிற்சங்கத் தலைவர்கள் என்று ஒவ்வொருவராக அதில் ஏற்றிக்கொண்டிருந்தான். மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டு, மறுகையால் போனில் தட்டுவான்.

"நம்ம ஆளுங்க பேரப் போட்டுத் தேடுனா ஒன்னுமே வரமாட்டேங்குது நானா. செத்தா மண்ணோட போயிர்றாங்க" என்பான். முஸ்லிம் அண்ணன்களை இங்கே 'நானா' என்பார்கள்.

சரி, நல்ல காரியந்தானே என்று என் மாமனாரைப் பற்றி எழுதச் சொன்னேன். பஸார் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்த மனிதர், ஒரு பக்கம் எழுதத் தகுதியில்லாதவரா? வினோஜன் முடியாது என்றுவிட்டான்.

"நீங்க சம்பளம் குடுக்குறவங்க நானா. சொந்தக்காரங்க, மொதலாளி, காசு குடுக்குறவங்க, இவங்களப் பத்தி நானே எழுதக் கூடாது. மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்ல? அது அங்க ஒரு ஒழுங்கு."

எனக்குச் சுருக்கென்றது. என் கூரைக்குக் கீழே உட்கார்ந்து எனக்கே ஒழுங்கு சொல்கிறானே என்று கொஞ்ச நாள் அவனோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தக் கோபம் முழுதாகப் போகவில்லை.

ஆனால் இவ்வளவு ஒழுங்கு பேசியவன் ஓர் இடத்தில் சறுக்கிவிட்டான். கலைக்களஞ்சியத்தில் ஒன்றை எழுதினால் அச்சில் வந்த ஆதாரம் காட்ட வேண்டும். தோட்டத்து ஆட்களைப் பற்றி எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது? எனவே அவன் நினைவு மலர்களைக் காட்டினான். அந்த மலர்களை எழுதியவனே தான்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை, எனக்கும்தான். ஏனென்றால் எங்கள் வழக்கம் அப்படி. மலரில் எழுதியவன் பேர் போடுவதில்லை, அடியில் 'குடும்பத்தினர்' என்று மட்டும் இருக்கும். செத்த வீட்டில் போய் உட்காருவான். அவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள். இவன் அதை நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பான். அவனைப் பொறுத்தவரை பேச்சு அவர்களுடையது, எழுத்து மட்டும் இவனுடையது. அழுகிற பெண்பிள்ளையிடம் "இதுக்கு அத்தாட்சி இருக்கா?" என்று யார் கேட்பது?

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு என்னிடம் போனை நீட்டினான். கலைக்களஞ்சியத்தில் எழுதும் யாரோ ஒருவர், எந்த ஊரோ தெரியாது, அவனுக்குக் கேள்வி போட்டிருந்தார். மிக மரியாதையான எழுத்து.

"வணக்கம். நீங்கள் எழுதிய மூன்று கட்டுரைகளில் மூன்று வெவ்வேறு மனிதர்கள் ஒரே தோட்டத்தின் லயங்களுக்குத் 'தமது அயராத முயற்சியால் முதன்முதலில் மின்சாரம் கொண்டுவந்தார்' என்று உள்ளது. மூன்று இடத்திலும் ஒரே வாக்கியம். மூன்று நினைவு மலர்களையும் எழுதியவர் யார்? இவர்களோடு உங்களுக்கு ஏதேனும் தொடர்பு உண்டா? உண்மையில் மின்சாரம் கொண்டுவந்தவர் யார்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு கணக்கப்பிள்ளை, ஒரு பள்ளிக்கூட அதிபர். மூன்று பேரும் ஆளுக்கொரு தரம் ஒரே தோட்டத்துக்குக் கரண்ட் கொண்டுவந்திருக்கிறார்கள்! வினோஜன் சிரிக்கவில்லை.

"மூனு பேரு வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. நானும் அப்படியே எழுதிட்டேன்" என்றான்.

"சரி, மெய்யா கொண்டாந்தது யாரு? அதச் சொல்லிட்டுப் போ."

"எங்கம்மா" என்றான்.

இத்தனை வருடம் என்னோடு வேலை செய்தவன் இதை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. அன்றுதான் முழுவதையும் கேட்டேன். ஃபெக்டரிக்கும் தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்கும் கம்பி இழுத்து எத்தனையோ வருடமாகியும் லயத்தில் குப்பி லாம்புதான் எரிந்திருக்கிறது. ஒரு பிள்ளைமேல் லாம்பு கவிழ்ந்து நெஞ்செல்லாம் வெந்துபோனது. அடுத்த நாள் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கூப்பிடும் இடத்துக்கு, போன பெண்களை வீரம்மா மலைக்கு ஏறவிடவில்லை. எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் ஃபெக்டரி வாசலில் கொழுந்து லொறிக்கு முன்னால் குந்தவைத்தார். மழையில், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். கொழுந்து கறுத்துப்போக ஆரம்பித்ததும் துரை இறங்கிவந்தார். மின்சாரசபைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். வீரம்மா அரைகுறைச் சிங்களத்தில் அவர்களோடு பேசி, எந்தத் திகதியில் தூண் நடுவது என்பதைத் துரையின் வாயாலேயே சொல்லவைத்தார். அதற்குப் பிறகுதான் தலைவர் வந்து கையெழுத்துப் போட்டார். கணக்கப்பிள்ளை கடிதம் எழுதினார். அதிபர் முதல் சுவிட்சைப் போட்டு, மாலையோடு படம் எடுத்துக்கொண்டார். மூன்று வீட்டுக்காரர்களும் பொய் சொல்லவில்லை, தங்கள் வீட்டு ஆளைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப அம்மா பேரப் போடு. கேட்டுருக்காரே!" என்றேன்.

"ஒங்க மாமனாரப் பத்தி எழுத மாட்டேன்னவன் எங்கம்மாவப் பத்தி எழுதலாமா நானா?"

அந்த இடத்தில் அவனுக்கு ஒரு குத்து விட வேண்டும்போல இருந்தது.

அன்று மாலையே அவன் பதில் போட்டுவிட்டான். மூன்று மலர்களையும் எழுதியவன் தான்தான், அது தன் வேலை, அதற்குத் தனக்குச் சம்பளம் உண்டு, அவற்றை ஆதாரமாகக் காட்டியது பிழை, அந்த வாக்கியத்தை மூன்று கட்டுரைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று எழுதினான். கடைசியில் இன்னொன்றும் சேர்த்தான்: 'மின்சாரத்துக்காக மறியல் செய்த பெண்களை முன்னின்று நடத்தியவர் என் தாயார் வீரம்மா. நான் மகன் என்பதால் இதைக் கட்டுரையில் சேர்க்கப் போவதில்லை. சம்பந்தமில்லாத வேறொருவர் சரிபார்த்துச் சேர்க்கலாம்.' கட்டுரைக்குப் பின்னால் பேசிக்கொள்ளும் பக்கத்தில் அப்படிச் சொல்வதற்கு இடமுண்டாம், அதை யாரும் வாசிக்கலாமாம். நான் பிழை தேடித்தான் வாசித்தேன், கிடைக்கவில்லை.

அந்த மனிதர் நன்றி சொன்னார். வெளிப்படையாகச் சொன்னதற்குப் பாராட்டினார். வீரம்மாவைப் பற்றி நூலிலோ செய்தித்தாளிலோ ஏதாவது வந்திருந்தால் தாமே சேர்ப்பதாகச் சொன்னார். அப்படி எதுவும் வந்திருக்கவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு நினைவு மலரும் கிடையாது. செத்திருந்தாலும் அதை வினோஜன்தான் எழுதியிருப்பான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாரமே பிரதாப் அச்சகத்துக்குள் வந்து நின்றான். அந்தச் செத்துப்போன தொழிற்சங்கத் தலைவர் மூக்கனின் மகன். ரோட்டு கொந்தராத்து எடுக்கிறவன். சங்கத்தின் மேதினச் சுவரொட்டி, கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவன் வழியாகத்தான் எனக்கு வரும். செருப்புச் சேறு தரையெல்லாம் அப்பியது.

"ஏன்டா, எங்கப்பா பேர நெட்டுலருந்து எடுத்துட்டு ஒங்கம்மா பேரப் போடப் பாக்குறியா?" என்றான்.

"எங்கம்மா பேரு கட்டுரையில இல்லண்ணே. போடவும் மாட்டேன். எடுக்கச் சொன்னது நான் எழுதுன பிழைய."

"நீ எதுக்கு எடுக்கச் சொன்னேன்னு எங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கு எடுப்ப, நாளைக்கு மெதுவா நொழைச்சிருவ. மகன்தானே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "பிரதாப், லொறிய மறிச்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அப்ப நடந்தது ஒங்களுக்கும் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்காமல் காகிதக் கட்டுகளைப் பார்த்தான். "எங்கம்மாவுந்தான் லொறிக்கு முன்னால குந்துனாங்க. அதுக்காக? கையெழுத்துப் போட்டது எங்கப்பா நானா. அவருக்குன்னு இருந்தது அது ஒன்னுதான்" என்றான். அதைச் சொல்லிவிட்டதற்காகவே இன்னும் கோபம் வந்தவன்போலத் திருவிழா நோட்டீஸின் மாதிரித் தாளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வேலை இப்போது வேறொரு அச்சகத்துக்குப் போகிறது.

அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் வினோஜன்மேல் காட்டினேன்.

"நீ எழுதாட்டி போ. நான் எழுதுறேன். எனக்கு அவங்க என்ன சொந்தமா?"

"நீங்க என் மொதலாளி. நீங்க எழுதுனா நான் எழுதவச்ச மாதிரி. பிரதாப் அண்ணன் சொன்னது சரியாப் போயிரும்."

"அப்ப யாருதான்டா எழுதுறது?"

"எங்களத் தெரியாத யாராச்சும்."

"ஒங்களத் தெரியாதவனுக்கு ஒங்கம்மாவ எப்படிடா தெரியும்?"

"அதான் நானா" என்றான் வினோஜன். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பவும் கீபோர்டுக்குப் போனான். யாரோ ஒருவரின் கருமாதி மலர் பாதியில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு மத்தியானங்களில் அவன் போனைத் தொடுவதில்லை. மனச்சாட்சி உள்ளவனை இந்த உலகம் இப்படித்தான் சப்பித் துப்பும் என்று எனக்கு வெறுப்பாக இருந்தது. அவனுக்கு வெறுப்புக்கூட இல்லை, அலுப்புத்தான்.

தை மாதம் வீரம்மா விழுந்து இடுப்பில் அடிபட்டார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். லயத்து வீட்டின் முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். சின்ன உடம்பு. லொறியை மறித்த ஆள் இவர்தானா என்று இருந்தது. வினோஜன் எனக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

"மொதலாளி, நெட்டுல நம்ம தோட்டத்தப் பத்தி எழுதிருக்காமே. பிரதாப்பு வந்து சத்தம் போட்டுட்டுப் போனான். நான் அதப் பாத்ததே இல்ல. என்னா எழுதிருக்கு?" என்று கேட்டார்.

நான் வினோஜனைப் பார்த்தேன். அவன் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, ஈரத்தைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தோட்டத்தின் பக்கத்தைத் திறந்தான். எத்தனை ஏக்கர், எந்தக் கம்பனி, எத்தனை லயம் என்று வாசித்தான். பிறகு அந்த வரி வந்தது.

"பின்னர் லயங்களுக்கு மின்சாரம் கிடைத்தது."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்மா."

"யாரு வாங்குனாங்கன்னு இல்லையா?"

"இல்ல."

"தானா வந்துச்சா கரண்டு?"

அவன் போனை அணைத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தான்.

"நீதானே அதுல எழுதுறவன்? ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் போட்டன்னு சொன்னியே."

"ஒன் பேர நான் போடக் கூடாதும்மா. நான் ஒம் மகன்ல. பெத்தவங்களப் பத்திப் பிள்ளைங்க எழுதுனா அங்க ஏத்துக்க மாட்டாங்க."

வீரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. அவனுடைய அதே களைப்பு அந்த முகத்திலும் இருந்தது.

"அப்ப நீ வேற யாருக்காச்சும் பொறந்திருக்கலாமேடா" என்றார்.