சட்டைக்கு உள்ளயா, வெளியிலயா?

மெய்க்காவலன் உத்தியோகம்ங்கிறது அடுத்தவர் உயிர நம்ம இடுப்புல கட்டிக்கிட்டு அலையுற உத்தியோகம். வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி, பெரிய வண்டி, முன் சீட்டு. உள்ள இருந்து பார்த்தா இடுப்பு வலி, நேரத்துக்குக் கிடைக்காத சோறு, மேடையில யாரோ பேசி முடிக்கிற வரைக்கும் அடக்கி வச்ச ஒண்ணுக்கு. நீங்களும் ஏதோ ஒரு உத்தியோகத்துல போய் மாட்டிக்கிட்டவங்கதானே, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா?

நான் பொலிஸ்காரன். பொறந்தது கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம், இப்ப ஹட்டன்ல வாடகை வீடு. மலைநாட்டு அரசியல்வாதி ஒருத்தருக்குக் காவல் போறேன். பேரு வேணாம், ஐயான்னே வச்சுக்குவோம். யூனிபோர்ம் போடாம சாதாரண உடுப்புல போற நாள்லதான் தலையிடி. பிஸ்டல ஊரே பார்க்கப் பெல்ட்டுல மாட்டிக்கிறதா, சட்டைய வெளியில விட்டு மறைச்சுக்கிறதா? ஐயா மறைக்கச் சொல்லுவாரு. என் சம்சாரம் மாலா காட்டச் சொல்லுவா. நடுவுல என் இடுப்பு கெடந்து அல்லாடுது.

குளிருக்குள்ள ஒளிச்சது

மறைக்கிறதுன்னா நுவரெலியா மாதிரி வசதியான ஊரு ஒலகத்துலயே இல்லன்னுதான் முதல்ல நெனச்சேன். சட்டை, அதுக்கு மேல ஸ்வெட்டர், அதுக்கும் மேல ஜேக்கட். உள்ள அம்மிக்கல்ல வச்சாலும் ஒரு பயலுக்கும் தெரியாது. வேலைக்கு வந்த புதுசுல அந்தக் கோலத்துல நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். எங்களுக்குப் பொறுப்பா இருந்த சார்ஜன்ட் ஜயந்த என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, திடீர்னு "எடு பார்ப்போம்"னாரு.

ஜேக்கட் சிப்பு பாதியில நின்னுடுச்சு. அதோட மல்லுக்கட்டி ஒரு வழியா தெறந்து ஸ்வெட்டரத் தூக்கினா, கம்பளி நூலு பிஸ்டல் உறையோட பட்டன்ல சுத்திக்கிச்சு. நான் இழுக்க இழுக்க நூலு வருது, பிஸ்டல் வரல. அரை ஸ்வெட்டர் அவுந்து போச்சு. மத்த பொலிஸ்காரங்க சிரிக்கக் கூடாதுன்னு வானத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. சார்ஜன்ட் மட்டும் சிரிக்கல. நகவெட்டிய எடுத்து நூலை வெட்டி விட்டுட்டு, சிங்களத்துல சொன்னாரு: "தம்பி, நீ அத வெளியில எடுக்கிறதுக்குள்ள ஐயா செத்த ஏழாம் நாள் தானத்துக்கே சமைச்சு எறக்கிடுவாங்க."

ஆணி இல்லாத கக்கூசு

ஆயுதம் கட்டின ஆம்பளைக்கு கக்கூசுன்னா அது ஒரு தனிக் கண்டம். பெல்ட்ட அவுத்தா பிஸ்டல எங்க வைக்கிறது? தரை ஈரம், சுவத்துல ஒரு ஆணி கூட இருக்காது. வலப்பனைப் பக்கம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில, வேற வழி இல்லாம உறையோட பெல்ட்டக் கழுத்துல மாலையாப் போட்டுக்கிட்டேன். வேலை முடிஞ்ச நிம்மதியில அப்படியே மறந்து வெளியிலயும் வந்துட்டேன். கடையில இருந்தவங்க எல்லாம் வடையும் கையுமா செலையாயிட்டாங்க. கல்லாவுல இருந்த முதலாளி மெதுவா எந்திரிச்சு ரெண்டு கையயும் தூக்கிக்கிட்டுச் சொன்னாரு: "தம்பி, சாப்பிட்டதுக்குக் காசு வேணாம், நீங்க பத்திரமாப் போயிட்டு வாங்க."

பின் சீட்டு

கல்யாணத்தப்ப நான் பொலிஸ் கந்தோர்ல எழுத்து வேலை. மாலா மோட்டார் சைக்கிள்ல பின்னால ஒக்காந்து என் இடுப்பச் சுத்திக் கை போட்டுக்குவா. முதுகுல கன்னத்த வச்சுக்கிட்டுத் தூங்கிக்கூடப் போவா. அந்தச் சொகத்துக்காகவே நான் சுத்து ரோட்டால வருவேன். அப்புறம் என்னைக் காவல் வேலைக்கு மாத்தினாங்க. ஒரு நாள் டியூட்டி முடிஞ்சு ஆயுதத்த ஒப்படைக்கப் போற வழியில, சந்தைக்கு முன்னால நின்னவள ஏத்திக்கிட்டேன். வழக்கம்போல கை வந்துச்சு. சட்டைக்கு அடியில இருந்ததுல பட்டுச்சு. சூடு பட்ட மாதிரி இழுத்துக்கிட்டா. வீடு வரைக்கும் பின்னால கம்பியப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தா.

அன்னிக்குத்தான் முழுசாச் சொன்னா. சண்டை நடந்த காலம், அவளுக்கு ஏழெட்டு வயசு. திம்புள்ளப் பக்கம் அவங்க தோட்டத்து லயத்து வீட்டுக்குச் சாதாரணச் சட்டை போட்ட ரெண்டு பேரு வந்து குடிக்கத் தண்ணி கேட்டிருக்காங்க. யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. தாயில்லாப் புள்ள அவ. அப்பாதான் செம்புல தண்ணி மோந்து குடுத்திருக்காரு. குனிஞ்சு வாங்கினப்ப ஒருத்தன் சட்டை மேல ஏறுச்சு. இடுப்புல இருந்த துப்பாக்கிய இவ பார்த்துட்டா. சின்ன விசாரணைன்னு கூட்டிக்கிட்டுப் போன அப்பாவை மாசக்கணக்கா விடல. திரும்பி வந்த மனுசன், சட்டைய வெளியில விட்ட ஆம்பளை யாரு வந்தாலும் பின்பக்கக் கதவால போயிடுவாராம்.

அதனால அவரு வீட்டுக்கு, அதான் என் மாமா வீட்டுக்குப் போறப்ப நான் சட்டைய உள்ள விட்டுத்தான் போவேன். "மாப்ள உத்தியோகத்தர் மாதிரி இருக்காரு"ன்னு மாமாவுக்கு அதுல ஒரு பெருமை. வேலை மாறின விசயத்த அவருக்குச் சொல்ல எங்க ரெண்டு பேருக்குமே வாய் வரல. பெத்த தாயாட்டம் வளர்த்த அப்பா, எங்க வீட்டுப் படியேறாமப் போயிடுவாரோன்னு மாலாவுக்குப் பயம். என் சட்டைய மடிச்சுக்கிட்டே சொன்னா: "ஏங்க, அது வெளியில தெரிஞ்சா நீங்க பொலிஸ், உள்ள இருந்தா எனக்கு அந்த ஆளுங்க மொகம்தாங்க வருது."

கொழுந்து மலையில

ஐயாகிட்ட ஒரு தடவ தைரியமாக் கேட்டேன், பிஸ்டல வெளியில மாட்டிக்கிறேனேன்னு. "டேய், அதப் பார்த்தா எந்தப் பொம்பள என் கையப் பிடிச்சுக் கொறை சொல்லுவா?"ன்னாரு. அவரு சொன்னதும் நெசம்தான். நான் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களப் பார்க்க அவரு பின்னால மலையேறினேன்.

ஐயா தண்ணிக் குழாய் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு. தேயிலை நிரையோட ஓரத்துல நின்ன ஒரு அக்கா அதக் காதுல வாங்கவே இல்ல. என் இடுப்பயே பார்க்குது. எனக்கு வேர்த்துப் போச்சு. பொம்பளைங்க மெரண்டு ஓடினா ஐயா என்னைத் தொலைச்சுடுவாரு. அந்த அக்கா கூடைய எறக்கி வச்சுட்டுப் பக்கத்துல வந்துச்சு. புடைச்சிக்கிட்டு இருந்த எடத்த இன்னொருக்கா நல்லாப் பார்த்துச்சு. மலையகத்துல ஆம்பளை இடுப்புல புடைச்சா அது என்னவா இருக்கும்? அக்கா என் காதோரம் குசுகுசுத்துச்சு: "தம்பி, அந்த அரைப் போத்தல நல்லா உள்ள தள்ளி வைங்க, எங்க கங்காணி கண்ணுல பட்டா உங்களுக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது."

அம்மன் சன்னதியில

சிரிச்சதெல்லாம் அத்தோட சரி. மாலாவுக்கு ஏழாம் மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை மாமா கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து, வளையல் போட்டு, மகளத் தலைப்பிரசவத்துக்கு அழைச்சிக்கிட்டுப் போறதா ஏற்பாடு. பொம்பளை இல்லாத வீடு. புளிச்சோத்துக்கு எவ்வளவு புளி கரைக்கணும்னு லயம் பூராவும் கேட்டுக்கிட்டுத் திரியுறாருன்னு சேதி வந்துச்சு. மாலா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, உடனே அழுவா.

அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஐயா வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொன்னாரு, ஏதோ தோட்டத்துக் கோயில் திருவிழாவாம். வண்டியில ஏறினப்புறம்தான் தெரிஞ்சுச்சு, அது மாமா தோட்டத்துக் கோயில். ஆம்பளைங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்ங்கிறது அங்க கமிட்டிச் சட்டம். கமிட்டியில எங்க மாமாவும் ஒருத்தர். பிஸ்டல விட்டுட்டுப் போக முடியாது, ஐயாவத் தனியா அனுப்பவும் முடியாது. வேட்டி பெல்ட்டுல அதச் செருகி, துண்ட இடுப்புல பவ்வியமாச் சுத்தி முடிஞ்சுக்கிட்டு உள்ள போனேன். அம்மனத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு நம்பிக்கிட்டு நின்னேன்.

திருநீத்துத் தட்டோட வந்தது மாமா. என்னைக் கண்டதும் மொகமெல்லாம் சிரிப்பு. "மாப்ள, நீங்க எங்க இங்க?"ன்னு கேட்டுக்கிட்டே தட்ட நீட்டினாரு. நான் ரெண்டு கையயும் நீட்டினேன். முடிச்சு அவுந்து துண்டு கால்ல விழுந்துச்சு. மாமா கண்ணு என் இடுப்புல நின்னுச்சு. தட்டு ஆடி, திருநீறு என் கால் மேலயெல்லாம் கொட்டுச்சு. சிரிப்பு போச்சு, நெறம் போச்சு. எனக்குத் திருநீறு குடுத்துட்டு அடுத்த ஆளுக்கிட்டப் போனாரு. அப்புறம் கூட்டத்துல அவரக் காணல. எனக்கு அங்கயே செத்துடலாம் போல இருந்துச்சு. பக்கத்துல வந்த பூசாரி துண்ட எடுத்து என் கையில குடுத்துட்டு மெதுவாச் சொன்னாரு: "ஆத்தா கையிலயும்தான் சூலம் இருக்கு தம்பி, அவ அத முந்தானையிலயா மறைச்சு வச்சிருக்கா?"

ரோட்டுக்கு எறங்குற வழியில

ஞாயித்துக்கிழமை மாமா வரல. போனும் எடுக்கல. மாலா தலை நெறைய பூ வச்சு, எனக்குச் சோத்தப் போட்டுட்டு, தான் சாப்பிடாம வாசலயே பார்த்துக்கிட்டு இருந்தா. பொழுது சாஞ்சப்ப பூவ எடுத்து சாமி படத்துக்கு வச்சுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ முதுகு குலுங்குறதப் பார்த்துக்கிட்டு நான் ஒக்காந்திருந்தேன். யாருக்கு நான் காவல்? சொந்த வீட்டுல ஒருத்தி அழறத நிறுத்தத் தெரியல.

லீவு போட்டு வெறும் இடுப்போட போய் மன்னிப்புக் கேக்கலாம்னு நெனச்சேன். ஆனா அந்த மனுசன் என் சட்டைய நம்புவாரா? இனிமே நான் எப்படிப் போய் நின்னாலும், உள்ள இருக்கோ இல்லையோன்னுதான் அவரு மனசு கெடந்து அடிச்சுக்கும். மாலாதான் கடைசியில சொன்னா, யூனிபோர்ம் போட்டுட்டுப் போங்க, பெல்ட்டுல நல்லாத் தெரியிற மாதிரிப் போங்கன்னு. அந்தக் கெழமையிலயே தலவாக்கலையில யூனிபோர்ம் டியூட்டி ஒண்ணு வந்துச்சு. மத்தியானத்தோட முடிஞ்சது. ஹட்டன் பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, பக்கத்துலதானே மாமா தோட்டம், போயிட்டு வான்னு சார்ஜன்ட் ஜயந்த அனுப்பி வச்சாரு. விசயத்த அவருக்குச் சொல்லியிருந்தேன்.

லயத்து வாசல்ல மாமா வெறகு பொளந்துக்கிட்டு இருந்தாரு. பூட்ஸ் சத்தம் கேட்டு நிமிந்தாரு. கோடாலி கையிலயே இருந்துச்சு. பின்பக்கக் கதவு பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாரு, ஆனா போகல. நான் வாசல் முத்தத்துலயே நின்னுட்டேன். "மாமா, இது இங்கதான் இருக்கு. நல்லாப் பாருங்க. வேற எங்கயும் இல்ல. மறைச்சது தப்புத்தான், உங்கள இழந்துடுவமோன்னு பயந்துட்டோம்"னு சொன்னேன். மாமா கோடாலியக் கீழ வச்சாரு. கிட்ட வந்து, மாடு வாங்க வந்தவரு மாதிரி என்னைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. சட்டை உள்ள விட்டிருக்கான்னு பார்த்தாரு. "புள்ள சாப்பிடுதா?"ன்னு மட்டும் கேட்டாரு. "ஒழுங்கா இல்ல மாமா"ன்னேன்.

உள்ள போனவரு ரொம்ப நேரம் வரல. நான் முத்தத்துல நின்னேன், பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் வாசல்ல. வந்தப்ப ஒரு கையில பிளேன்டீ, இன்னொரு கையில பேப்பர்ல சுத்தின கண்ணாடி வளையலு. அந்த ஞாயித்துக்கிழமைக்கே வாங்கி வச்சதாம். பிளேன்டீய என்கிட்ட நீட்டினாரு. நான் வாங்குற வரைக்கும் அவரு கைய இழுத்துக்கல. என் வலது இடுப்ப இன்னொரு தடவ பார்த்துட்டுச் சொன்னாரு: "அது எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சு போச்சுங்க மாப்ள; பஸ்ஸுல நான் உங்களுக்கு இடது பக்கமா ஒக்காந்துக்கிறேன், இருங்க, சட்டைய மாத்திக்கிட்டு வந்துடுறேன்."

துப்பாக்கிய எங்க மாட்டணும்னு மேலிடம் ஆயிரம் சட்டம் போடலாம், ஆனா பக்கத்துல ஒக்கார்றவங்களுக்கு எந்தப் பக்கம் தோதோ அதக் கேட்டுத்தான் மாட்ட வேண்டியிருக்கு.