அத்தையின் தோள் மேடு

எங்கள் அத்தையின் வலது தோளில் நெல்லிக்காய் அளவில் ஒரு மேடு உண்டு. அதைத் தொட்டுப் பார்க்கும் உரிமை வெகுகாலம் எனக்கு மட்டுமே இருந்தது. அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. பகலில் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை, சாயங்காலமானால் கபடி. கல்யாண அறிவிப்பாக மாதா கோவிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து ஊரான மாப்பிள்ளையூரணியில் ஆட்டம். பாடிப் போனவளை எதிரணிப் பெண்கள் மொத்தமாக அமுக்க, தோள் தரையில் இடிக்க விழுந்தாள். விழுந்தவள் கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். ஆட்டம் எங்களுக்கு, வலி அவளுக்கு.

காறை எலும்பு தோளோடு சேரும் மூட்டு விலகிவிட்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தால் மேடு அடங்கும், ஆனால் தழும்பு விழும், பிளேட்டை எடுக்க இன்னொரு தடவை கீற வேண்டும். இல்லையென்றால் சில வாரம் கையைத் துணியில் தொங்கவிட்டு, அப்புறம் பயிற்சி. கை நன்றாக வேலை செய்யும், மேடு மட்டும் போகாது. இவளுக்கு விலகியிருக்கும் அளவுக்கு இரண்டில் எதுவும் சரிதான், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்.

“மறுபடி கபடி ஆடலாமா டாக்டர்?” அத்தை கேட்டது இது ஒன்றுதான். பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் ஆடலாம் என்றார் அவர்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார்.

“கோவில்ல எல்லாரும் பொண்ணு தோளத்தான் பாப்பாவ. ஆபரேசன் பண்ணிருங்க. கல்யாணத்தத் தள்ளிக்கிடலாம்.”

“மாமி, கை வெளங்காதுன்னா வெட்டிக்கிடுதேன். அடுத்தவங்க பாக்கதுக்காக வெட்ட மாட்டேன்.”

மாமி காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அதுவரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

“ஏளா, கல்யாணம் நின்னுறும்.”

“நின்னா நிக்கட்டும்ணே.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையே போன் செய்து, தேதியை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒற்றைக் கையோடு இருந்த அத்தைக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். பின்னும் சாக்கில் மேட்டை அழுத்துவேன். ஆர்மோனியக் கட்டைபோல உள்ளே போய் மேலே வரும். “அழுத்தாதளா, வலிக்கி” என்பாள். வலிக்கிறதென்று அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான்.

தையல்காரம்மா ரவிக்கையின் கழுத்தை ஏற்றித் தைத்து மறைத்துவிடலாம் என்றார். “நல்லா அகலமா வைங்கக்கா” என்றாள் அத்தை.

கல்யாணத்தன்று வெள்ளைப் பட்டில், தோள் மேடு தெரிய, நிமிர்ந்துதான் பீடத்துக்கு நடந்தாள். எங்கள் பெஞ்சு வரிசையில் என்னைப்போல் பெருமைப்பட்டவர் யாரும் இருந்திருக்க முடியாது. பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் மாமியின் கண் என்மேல் விழுந்தது.

“ஏளா, ஒனக்குத் தோள்ல என்ன?”

“அத்தைக்கு இருக்குல்லா, அதேமாரி.”

காலையில் பஞ்சை உருட்டி, பிளாஸ்திரி போட்டு ஃபிராக்குக்குள் ஒட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் கெட்டிக்காரப் பெண்களுக்கு அது இருக்கும் என்பது என் எண்ணம்.

மைதானத்திலும் ஆஸ்பத்திரியிலும் அழாத அத்தை, அத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் நெளிந்தேன். இவ்வளவு இறுக்கினால் பஞ்சு நசுங்கிவிடுமே என்பதுதான் அப்போது என் கவலை.