ஜன்னல் பக்கத்து ஸ்பிரிங்

ரங்கூனில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. பேராசிரியர் சென்னையிலிருந்து வந்தவர். அலமாரிச் சாவியை இடுப்பைவிட்டு இறக்கமாட்டார். "ரங்கூன்ல பொறந்தவனுக்குக் கை சும்மா இருக்காது" என்பார், என் காதுபடவே. எனக்கும் அவர்மேல் நம்பிக்கை கிடையாது. மனிதர் சிரித்தால்கூட எதற்கோ அடிபோடுகிறார் என்றுதான் தோன்றும்.

மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று காட்ட நான் ஒரு மாதிரி செய்திருந்தேன். உத்திரத்திலிருந்து நூலில் தொங்கும் மூன்று மர உருண்டைகள். அவற்றை முக்கோணமாக இணைக்க, பசுந்தாங் பேட்டையில் ஒரு பட்டறையில் சுற்றி வாங்கிய ஒரே மாதிரியான மூன்று ஸ்பிரிங்குகள். முக்கோணத்தை மூன்றில் ஒரு பங்கு திருப்பினால் திருப்பியதே தெரியாது. இப்படிப்பட்ட திருப்பங்களின் கூட்டத்தைக் கணக்கில் குலம் என்பார்கள். அதை வைத்தே அதிர்வுகளைப் பிரித்துவிடலாம். மொத்தம் மூன்று வகை அதிர்வு; மூன்று ஸ்பிரிங்கும் ஒன்றாக விரிந்து சுருங்குவது ஒன்று. மற்ற இரண்டு அதிர்வுகளும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும், ஸ்பிரிங்குகளுக்குள் வித்தியாசம் இல்லாத வரை.

துரைமார் பார்வையிட வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். அவர்கள் திருப்திப்பட்டால் எனக்கு வேலை நிரந்தரம். ஆனால் ஒரே வேகத்தில் நடக்க வேண்டிய இரண்டு அதிர்வில் ஒன்று வேகத்தில் முந்தியது.

"நல்ல ஸ்பிரிங்க வித்துட்டு மட்டமானத மாட்டியிருக்கீர். நாளைக்கு துரைகிட்ட சொல்லத்தான் போறேன்" என்றார் பேராசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மைத்துனனை என் இடத்தில் நுழைக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்தேன். பட்டறைக்காரனையும் மனதுக்குள் திட்டினேன்.

பிறகு மறுபடியும் ஆட்டிப் பார்த்தேன். சரியான வேகத்தில் நடந்த அதிர்வில் ஜன்னல் பக்கத்து ஸ்பிரிங் நீளவே இல்லை, மற்ற இரண்டும்தான் மாறி மாறி நீண்டன. வேகமாக நடந்த அதிர்வில் அதிகம் இழுபட்டது அந்த ஜன்னல் பக்கத்து ஸ்பிரிங்தான். அப்படியானால் அது மட்டும் விறைப்பாக இருக்கிறது. அடியில் விரலால் தடவினேன். நாலைந்து சுற்றுகளைச் சேர்த்து ஒட்டியபடி ஒரு பொட்டு அரக்கு.

பேராசிரியர் முகம் சுருங்கியது. "நீர் மாத்தினா தெரியணுமேன்னு நான்தான் அடையாளம் வச்சேன்."

"நல்லாவே தெரிஞ்சுபோச்சு, ஐயா."

அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். இரண்டு அதிர்வும் ஒரே வேகத்துக்கு வந்தன. மறுநாள் என் வேலையும் நிரந்தரமாயிற்று. சாவி மட்டும் அவர் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. நானும் அந்த வேலையில் இருந்தவரை, காலையில் வந்ததும் மூன்று ஸ்பிரிங்கையும் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்ததில்லை.