நீலத் தாளில் எழுபத்திரண்டு பக்கம்

"அந்தம்மாவுக்கு எழுதவே வராதாம். கீழே இருக்கறவங்க எழுதறதுல தன் பேரைச் சொருகிக்குவாங்களாம்." முடிதிருத்தும் கடையில் யாரோ சொன்னதாக ஒளிப்பதிவாளர் ஹார்லன் வந்து சொன்னபோது, இர்மா லாஸ்கர் கடித்த சாண்ட்விச்சை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

ஹாலிவுட்டில் பதினெட்டு வருஷம். தட்டச்சுக்காரியாக வந்தவள். பிறர் கதைகளை அடித்து அடித்தே வசனம் எங்கே நொண்டுகிறது என்று கற்றாள். பிறகு தானே எழுதினாள்: மழைத் தெரு, பொய் சொல்லும் மனைவி, பிணத்தோடு கார் ஓட்டும் கணவன். முதல் மூன்று படங்களிலும் தயாரிப்பாளர்கள் அவள் பெயரை விழுங்கினார்கள். அந்தக் கொள்ளையைத் தடுக்கத்தான் எழுத்தாளர் சங்கம் ஒரு விதி போட்டது: கதை எழுதியவராகத் திரையில் தன் பெயரும் வேண்டுமென்று கேட்கும் தயாரிப்பாளர், பாதிக்கு மேல் தானே எழுதியதாக நிரூபிக்க வேண்டும். அன்று கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்கியவள் இர்மா.

இன்று அவளே தயாரிப்பாளர். விதி அவள் கழுத்தில்.

அவளுடைய புதுப் படத்துக்குச் சம்பள எழுத்தாளன் ட்வைட் காரிகன் எழுதித் தந்த கதையில் முப்பதாம் பக்கத்திலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. படப்பிடிப்புக்கு மூன்றே வாரம். சமையலறை மேசையில் உட்கார்ந்து இர்மா பாதிக்கு மேல், எழுபத்திரண்டு பக்கம், திருத்தி எழுதினாள். திருத்தங்களை நீலத் தாளில் அடித்து அவன் பிரதியிலேயே செருகினார்கள், வழக்கம் அதுதான். பக்கத்துக்குப் பக்கம் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டிருக்கலாம். வீட்டில் இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது, அவனை அவமானப்படுத்துவானேன் என்று விட்டுவிட்டாள். தான் கைப்பட எழுதிய தாள்களையும் கிழித்துப் போட்டாள்.

இப்போது வதந்தி யார் கிளப்பியதென்று புரிந்துபோக, நடைவழியில் அவனையே பிடித்தாள்.

"படிக்கட்டுக் காட்சியை யார் எழுதினது, ட்வைட்?"

"முகப்புல என் பேருதானே இருக்கு, மேடம்? நீங்க நல்ல நல்ல யோசனை சொன்னீங்க. நான் இல்லேங்கலையே."

"எழுபத்திரண்டு பக்கம் யோசனையா? வெட்கமா இல்ல உனக்கு?"

"சங்கத்துக்கிட்ட சொல்லுங்க. விதி நீங்க போட்டதுதானே!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இப்படிப்பட்ட பெயர்த் தகராறைத் தீர்க்கும் சங்கத்தின் மூன்று நடுவர்களும் முகம் காட்டாதவர்கள். தாள் சொல்வதைத்தான் நம்புவார்கள். இன்று ஐந்து மணிக்குள் சாட்சிக் கடிதம் போய்ச் சேராவிட்டால் திரையில் அவன் பெயர் மட்டும்தான். இர்மா கைப்பட எழுதியதைப் பார்த்து அடித்தவள் ஒருத்திதான்: தட்டச்சுக்காரி பியூலா. போன மாதத்திலிருந்து அவளுக்கு வேலை காரிகனின் அறையில்.

"பாவம், வேலை போயிடும்னு பயப்படுவா" என்றார் ஹார்லன்.

"பயமா? அந்த நாற்காலியில நானும் உக்காந்திருக்கேன், ஹார்லன். அடுத்தவன் என் வரியைத் தன்னுதுன்னு படிக்கறதைக் கேட்டுக்கிட்டே அடிச்சிருக்கேன். இன்னிக்கு இவளும் வாயை மூடிக்கிட்டா, நாளைக்கு இவ எழுதறதையும் ஒருத்தன் தின்னுட்டுப் போவான்!"

மணி நாலே கால். இர்மா தொலைபேசியில் பியூலாவின் எண்ணைச் சுழற்றினாள். முற்றத்துக்கு அப்பால், எதிர்க் கட்டட ஜன்னலில் பியூலா தெரிந்தாள். தட்டச்சு இயந்திரத்தின் மேல் அவள் விரல்கள் நின்றன. தலை தொலைபேசிப் பக்கம் திரும்பியது.

தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது.