சிவப்புக் காலிகோ

வைத்தியநாதன் போய்விட்டார் என்ற சேதி எனக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "வைத்தி காலம்பற போயிட்டார் ஓய்" என்றார். நான் ஏறவேண்டிய வண்டி வந்து நின்று, கிளம்பியும் போயிற்று.

பதினெட்டு வருஷம் எங்களுக்கு எதிரெதிர் மேஜை. அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பைத்தியமும் தெரியும்: இந்தக் காலத்து ஆங்கில நாவல்களின் முதல் பதிப்புகள். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் விட்டதும் கோட்டைப் பக்கத்து நடைபாதைக் கடைகளில் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். வீட்டில் இருக்கிற நாவலையே எதற்கு ஐயா மறுபடி வாங்குகிறீர் என்று கேலி செய்வேன். "அச்சுப்பிழையோட முதல்ல வந்தது இருக்கே, அதுதான் ஓய் நிஜம். திருத்தினதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்பார்.

யுத்தத்தின்போது குண்டு விழும் என்று பாதிப் பம்பாய் மூட்டை கட்டியது. குடும்பத்தைப் பாலக்காட்டில் விடப் போனவர், தம் உயிரான நாவல் ஒன்றை என்னிடம் கொடுத்து, "பத்திரம்" என்றார். அதன் காகித மேலுறை ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. பள்ளிப் பாடம் முதல் ராமாயணம் வரை எல்லாவற்றையும் பைண்டு செய்து வைக்கிற வீடு என்னுடையது. முதல் பதிப்பென்றால் உள்ளே இருக்கும் அச்சு என்றுதான் நினைத்திருந்தேன். உறையைக் கழற்றி எறிந்தேன். பைண்டரிடம் ஓரங்களைச் சீராக வெட்டி, சிவப்புக் காலிகோத் துணியில் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் வைத்தியின் பெயரையும் பொறிக்கச் சொன்னேன்.

திரும்பி வந்து அதை வாங்கியவர் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ரொம்ப அழகா இருக்கு ஓய்" என்றார். பூரித்துப் போனேன், மடையன்.

போன வாரம் துக்கம் கேட்கப் போனபோது, அவரைப் போலவே புத்தகம் சேர்க்கிற ஒருவர் அலமாரியைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். சிவப்புப் புத்தகத்தை மட்டும் ஒதுக்கி வைத்தார். "மேலுறை போச்சு, ஓரத்தையும் வெட்டியாச்சு. இனிமே இது முதல் பதிப்புன்னு பேருக்குத்தான். எந்தப் பாவி பண்ணினான்?"

"நானும் கேட்டேன். கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை" என்றார் வைத்தியின் மனைவி. "ஆனா படுக்கையில விழுந்தப்புறம் தலைமாட்டுல வெச்சிண்டிருந்தது அது ஒண்ணைத்தான்."

"நான்தான் மன்னி" என்றேன். அழுதுவிட்டேன். மன்னி புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

திருத்தினது வேண்டாம் என்றவர், நான் திருத்திக் கெடுத்ததைக் கடைசிவரை வைத்துக்கொண்டார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். ஒரு தரம் திட்டியிருக்கக் கூடாதா, வைத்தி? மன்னிப்பாவது கேட்டிருப்பேனே.