மண்ணூரில் குரல் கொடுக்காத வீடு

நம்பினால் நம்புங்கள். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

1991. சென்னைத் துறைமுகத்துக்குப் பின்னால், பர்மாவிலிருந்து வந்தவர்கள் வாழ்ந்த சந்தில் எங்கள் வீடு. பர்மா நூடுல்ஸான அத்தோவைப் புரட்டும் கடைச் சத்தம், தெலுங்குப் படகுக்காரர்களின் சண்டை, சேட்டு வீட்டுப் பஜனை, கப்பல் சங்கு... எல்லாம் கலந்துதான் காதில் விழும். எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. பக்கத்தில் மண்ணூரில் வீடு பிடித்தேன். அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் ஜனம் யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே வந்தது. வழியில் செத்தவர்களை, ஆறு தாண்டும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இல்லாவிட்டால் அவர்கள் வழி தவறிவிடுவார்களாம். வீடு மாறும்போதும் அதே வழக்கம்.

சாமான் டெம்போ கூவம் பாலத்தில் ஏறியது. புருஷன் பெயரை வாயால் சொல்லாத அம்மா கத்தினாள். "அப்பாவு! தண்ணி தாண்டுறோம், வந்துடுய்யா!"

மண்ணாங்கட்டி என்ற பெயருடைய டிரைவர் சிரித்தான். "இன்னா நைனா, இன்னொரு டிக்கெட்டா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செம்பரம்பாக்கம் கால்வாய்ப் பாலத்தில் அம்மா மறுபடி கூப்பிட வாயெடுத்தாள்.

"கம்முனு வாம்மா. மானம் போவுது."

அம்மா அடங்கிவிட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மண்ணூரில் விளக்கு வைக்கும் நேரம். ஏரிப் பக்கம் நாய்கள் குரைத்தன. சட்டென்று நின்றன.

"தாயாரூ..."

அம்மாவை அப்படிக் கூப்பிட்டது ஒருவர்தான். கூடவே அப்பாவின் அந்த இருமல்.

"வழி தெரியாம நிக்கிறாருடா. குரல் குடுத்தா வந்துடுவாரு."

"வாணாம்மா!"

"தாயாரூ..."

இப்போது தெருமுனையில்.

அம்மா வாயைத் திறந்தாள்.

பொத்தினேன்...

இறுக்கி.

இருமல் வாசல்வரை வந்தது. நின்றது. பிறகு மெல்ல விலகிப் போனது. என் விரல்களில் அம்மாவின் கண்ணீர் சுட்டது. பெற்ற அப்பாவை வாசலோடு அனுப்பிய பாவி நான்.

அடுத்த வாரம், விட்டுவந்த அம்மிக்கல்லை எடுக்கப் பழைய வீட்டுக்குப் போனேன். நாங்கள் காலி செய்த அன்றே குடிவந்த காந்திமதி வெளியூர்க்காரி. எங்கள் அப்பாவைப் பார்த்தே இராதவள்.

"அண்ணே, நீங்க போன அன்னிக்கி ராத்திரி ஒரு பெரியவரு வந்தாரு. ரொம்ப தூரம் நடந்தவரு மாதிரி, காலெல்லாம் புழுதி. ஒரே இருமல். உள்ள கூப்புட்டேன், வரல."

"இன்னா சொன்னாரு?"

"'கூப்பிட்டேன்மா... எம்புள்ள அவ வாயப் பொத்திட்டான்'னு சொல்லி அழுதாருண்ணே."