மாட்டுத் தொட்டியில் ஊறிய எந்திரம்

எங்கள் வீட்டுச் செவலைப் பசுவைத் தொழுவத்திலிருந்து கிளப்பி, அது நின்ற இடத்தில் ஓர் இரும்பு எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குப் பத்து வயது. கொண்டுவந்தவர் சித்தப்பா, அப்பாவுக்கு நேர் இளையவர். பள்ளிக்கூடப் படிப்பு அவரோடு ஒத்துப்போகவில்லை. அவரும் அதை வற்புறுத்தவில்லை. வீட்டில் எது ஓடாமல் நின்றாலும் கழற்றிப் பார்ப்பார். திரும்பப் பூட்டி முடிக்கும்போது ஓர் ஆணி மிஞ்சும். ஆனாலும் அது ஓடும்.

தாமிரபரணியில் ரயில் பாலம் கட்டிய குத்தகைக்காரர் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பியபோது, ஆற்றங்கரைக் கொட்டகையில் கிடந்த தளவாடங்களை ஏலம் விட்டார்கள். அந்தக் கொட்டகைக்குள் முந்தின வருஷம் வெள்ளம் புகுந்திருந்தது. சித்தப்பா ஏலத்துக்குப் போன விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. பேட்டை ரஸ்தாவில் இரண்டு மாட்டு வண்டிகள் முனகிக்கொண்டே வந்து எங்கள் சந்தில் திரும்பியபோதுதான் தெரிந்தது. வண்டியில் இருந்ததை எந்திரம் என்று சொல்வதற்குச் சித்தப்பாவின் மனசு வேண்டும். எல்லாவற்றையும் தாங்க ஒரு நீண்ட இரும்புக் கட்டில், பெரிய சக்கரம், பல்லுப் பல்லாகச் சின்னச் சக்கரங்கள், ஒரு சாக்கு நிறைய உளி, அரம், இடுக்கி. எல்லாமே செங்கல் நிறம். கை பட்ட இடத்தில் மரப்பட்டை மாதிரி உதிர்ந்தது.

அப்பா கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா. சாயங்காலம் வந்தவர் தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஏலே, இது என்னது?”

“லேத்துண்ணே. இரும்பக் கடையுத எந்திரம்.”

“மொதல்ல இது இரும்பா?” என்று கேட்டுவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, இரும்புக் கட்டிலின் மேல் ஓர் உளியின் முனையை வைத்து அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். செம்பொடி பறந்தது. அது அடங்கியதும் பார்த்தால், அந்தச் சிவப்புக்கு நடுவே வெள்ளிக் கம்பி பதித்தது போல ஒரு கோடு மின்னியது. நான் விரலை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. அந்தக் கணத்தில் நான் சித்தப்பாவின் கட்சிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அப்பா தம் தீர்ப்பைச் சொன்னார். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் இந்தக் கண்றாவி படக்கூடாது. அதற்குள் இது ஒரு பொருளாகத் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் கொல்லரைக் கூப்பிட்டுக் கலப்பைக் கொழுவடிக்க எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்.

பார்க்க வருகிறார்கள் என்பதுதான் என் காதில் விழுந்தது. எதைப் பார்க்க என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு அதைத் தவிர வேறு என்ன இருந்தது? அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்குக் கரும்பாலை இருந்தது. ஆலையின் இரும்பு உருளை தேய்ந்துபோனால் கடைந்து வாங்கத் தூத்துக்குடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்று சித்தப்பாவே சொன்னார். அவர்கள் எந்திரம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பாண்டி ஆட நேரமில்லை. இறுகிக் கிடந்த திருகுகளின் மேல் சித்தப்பா மண்ணெண்ணெய் விட்டு ஊற வைப்பார். நான் செங்கல்லை இடித்துச் சலித்துப் பொடியாக்குவேன். தேங்காய் நாரை எண்ணெயில் நனைத்து, பொடியில் தோய்த்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேய்ப்போம். நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். நான் ஒருமுறை மறந்து வட்டமாகத் தேய்த்தபோது, எப்போதும் கோபப்படாத சித்தப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கட்டில் ஒவ்வொரு சாணாக வெளுத்துக்கொண்டு வந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஓடிப்போய், நேற்று விட்ட இடத்தைத் தொட்டுப் பார்ப்பேன்.

பல் சக்கரங்கள்தான் மசியவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நார் நுழையவில்லை. சித்தப்பா யோசித்தார். யோசித்துவிட்டு, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து சாமான் அடைக்கும் அரங்குக்குள் நுழைந்து, வருஷத்துக்கென்று உப்புப் போட்டு அடைத்து வைத்திருந்த புளிப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பசுவின் கல்தொட்டியில் அதைக் கொட்டி, வெந்நீர் விட்டு, இருவரும் முழங்கை வரை கையை விட்டுக் கரைத்தோம். சக்கரங்களும் உளிகளும் உள்ளே இறங்கின. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழி வந்தது. பிறகு பழுப்பானது. பிறகு மை மாதிரிக் கறுத்தது. சித்தப்பா ஒரு சக்கரத்தை எடுத்து நாரால் ஒரு துடை துடைத்தார். துரு அத்தனையும் சேறு போல வழிந்து ஓடியது. நான் கத்திய கத்தலில், கட்டிப் போட்டிருந்த செவலை அறுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குள் மூக்கை விட்டது. புளிப்பு அதற்குப் பிடிக்கும். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு எங்களை அது பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மா திரும்பி வந்து பானையைப் பார்த்ததை நான் விவரிக்கப் போவதில்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் புளியில்லாத குழம்பு.

எந்திரத்தின் நீளத்துக்கு ஒரு திருகுக்கம்பி இருந்தது. அதன் மரைப் பள்ளம் முழுக்கத் துரு. அது என் வேலை. ஒரு கயிற்றை எண்ணெயிலும் செங்கல் பொடியிலும் நனைத்து, மரைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை நானும் மறு முனையைச் சித்தப்பாவும் பிடித்துக்கொண்டு, மோர் கடைவது போல மாறி மாறி இழுத்தோம். இழுக்க இழுக்கக் கயிறு தானாகவே மரை வழியாக நகர்ந்து போனது. அது போன இடமெல்லாம் ஒரு வெள்ளைப் பாம்பு கம்பியைச் சுற்றிக்கொண்டே ஏறுவது போல இருந்தது. உள்ளங்கை கொப்புளித்தது. விட மனசில்லை. அது மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்த அன்று, எல்லாச் சாமான்களையும் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, பனம்பாயில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, நானும் சித்தப்பாவும் கோயில் நகைகளைக் காவல் காப்பவர்களைப் போல அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். பாய் முழுக்கச் செவ்வந்திப் பூ பூத்திருந்தது. சக்கரம், உளி, நான் உயிரை விட்டுத் தேய்த்த திருகு, எல்லாவற்றின் மேலும் புதுத் துரு.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தப்பா ஓர் உளியைக் கையில் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து எட்டிப் பார்த்து, கொல்லருக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பாயைப் பார்த்தாள். புளி போன ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

“தோசக்கல்லக் கழுவுனா ஈரத்தோடயா கவுத்தி வைப்பாக? அடுப்புல காட்டி, எண்ணெ தடவித்தானே வைக்கோம். இது கூடத் தெரியாமயா எம் புளியக் கொட்டித் தீத்திய?”

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாவை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“மதினி, அடுப்பு வேணும்” என்றார்.

அதற்குப் பிறகு வீடே பட்டறையாகிவிட்டது. சாமான்களை மறுபடி துடைத்தெடுத்து, புளிப்பு ஒட்டாமல் போகச் சாம்பல் தண்ணீரில் அலசி, கொதிநீரில் முக்கி, அம்மாவே ஒவ்வொன்றாக அடுப்பின் மேல் காட்டிக் கொடுத்தாள். பாபநாசம் மலையிலிருந்து வரும் தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி வைத்திருந்தோம். சூடு ஆறுவதற்குள் பழைய வேட்டித் துணியால் அதை எல்லாப் பக்கமும் பூச வேண்டும். பூச மறந்த இடத்தில்தான் துரு முதலில் உட்காரும் என்று சித்தப்பா சொன்னதால், சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் நான் பாப்பாவைக் குளிப்பாட்டுவது போலத் தடவினேன். அன்று பகல் பூராவும் எங்கள் வீட்டில் தேன்கூட்டு வாசம். மறுநாள் காலையில், மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தோம். ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். நிற்கத் தெரியாமல் ஓடினேன்.

வியாழக்கிழமை சித்தப்பா எல்லாவற்றையும் பூட்டினார். இந்தத் தடவை ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. அவர் மிதிகட்டையை மிதித்ததும் பெரிய சக்கரம் ஒரு முனகலோடு புரண்டது, பிறகு முனகலை மறந்து சுழன்றது. ஒரு கம்பியை வைத்து உளியைக் காட்டினார். இரும்பு, வாழைப்பூ மடல் போலச் சுருண்டு சுருண்டு கீழே விழுந்தது. நான் ஒரு சுருளை எடுத்து விரல் சுட்டுக்கொண்டு, சுட்டதையும் கொண்டாடினேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, ஐப்பசி மழை. தொழுவத்துக் கூரை ஓலை, அதில் செவலை நின்ற இடத்துக்கு நேர் மேலேதான் பெரிய பொத்தல். தண்ணீர் கயிறாக எந்திரத்தின் மேல் இறங்கியது. சித்தப்பா கூரையில் ஏறினார். அம்மா பனம்பாயைப் பிடித்தாள். நான் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். போதவில்லை. அந்த நேரத்தில் கச்சேரியிலிருந்து வந்த அப்பா, முற்றத்தில் நின்று எங்களைப் பார்த்தார். பிறகு, யார் மழையில் நனைந்தாலும் கொடுக்காத தம்முடைய சீமைக் குடையை விரித்தபடியே தொழுவத்துக்குள் வந்து, அதை எந்திரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டின் முதுகில் தண்ணீர் வழிந்தது. மழை விடும்வரை குடையை இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, எலுமிச்சம்பழத்தை அரிந்து என் விரல்களை ஒவ்வொன்றாக உரசினாள். நகக்கண்ணில் இருந்த துருக்கறை போகவே இல்லை. எந்திரத்துக்குக் கடைசியாக ஒரு தரம் எண்ணெய் போட வேண்டும், என்னை விடு என்று நான் கெஞ்சினேன். பட்டுப் பாவாடை வேறு கட்டிவிட்டாள். எந்திரம் பார்க்க வருகிறவர்களுக்காக நான் எதற்குப் பட்டுக் கட்ட வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு பெரியவரும், அவர் வீட்டு ஆச்சியும் வந்தார்கள். முன்கூடமான பட்டாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார்த்தி வைத்து, பலகாரம் கொடுத்தார்கள். ஆச்சி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, உனக்கு என்னம்மா தெரியும் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகத்தானே நான் அத்தனை நாளும் காத்திருந்தேன். துருவை எப்படி உரிப்பது என்று தொடங்கினேன். நீளவாக்கில் தேய்ப்பது, புளித்தண்ணீர், சாம்பல் தண்ணீர், அடுப்பில் காட்டுவது, மெழுகு பூசுவது, பூச மறந்தால் என்ன ஆகும் என்பது வரை மூச்சு விடாமல் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்று அம்மா கையை ஆட்டினாள். நான் அதைச் சரியாகச் சொல்கிறேன் என்பதாக எடுத்துக்கொண்டேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு எழுந்தார்.

“சரி தாயி, அந்த எந்திரத்தக் காட்டு. பாப்போம்.”

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினேன். சித்தப்பா எந்திரத்தின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். நான் மிதிகட்டையின் மேல் ஏறி நின்று, உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு மிதித்தேன். சக்கரம் சுழன்றது. பெரியவர் குனிந்து, கட்டிலின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத இடத்தில், விரலை வைத்து ஓர் இழு இழுத்துப் பார்த்தார். விரலில் மெழுகெண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை. அதைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஆச்சியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆச்சி என் கையை எடுத்து விரித்து, கொப்புளம் காய்ந்த தடத்தையும் நகக்கண்ணையும் பார்த்தாள். கையை விடவில்லை.

“வேல செய்யுத கைதான்” என்றாள்.

“பெறகென்ன” என்றார் பெரியவர்.

திரும்பவும் பட்டாசலுக்குப் போனார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பூ வைத்த தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறியது. ஆச்சி என் தலையில் பூ வைத்தாள். எந்திரம் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்தது. ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வண்டி தெருத் திரும்பியதும் அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

“எப்பப்பா கொண்டு போவாக?”

அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, எப்போதும் பேசாத மெல்லிய குரலில், “தை பொறக்கட்டும்மா” என்றார்.

“நானுங்கூடப் போவேன். அங்கன யாருக்கும் எண்ணெ போடத் தெரியாது.”

வேடிக்கை பார்க்க வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது, உள்ளே போவதற்குத்தான் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எந்திரத்தை அவர்கள் கேட்கவே இல்லை என்பதும், தட்டு மாறியது எனக்காக என்பதும், அவர்களுடைய இளைய மகனுக்கு என்னைத்தான் பார்க்க வந்தார்கள் என்பதும் தை மாதம் கூண்டு வண்டி வந்து வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்கு அப்பாவின் வாக்கு கிடைத்துவிட்டது, அது போதும். நானும் கூடப் போகப் போகிறேன் என்று சொல்லச் சித்தப்பாவைத் தேடித் தொழுவத்துக்கு ஓடினேன். அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமலே, எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, சின்னச் சக்கரத்துக்கு நீயே விடு என்றார்.